புலால் துறத்தலும் பால் துறத்தலும்

ஊட்ட உணவைப் பற்றிக் கிராமங்களில் எடுத்துரைக்கும் ஊழியர்களும், பள்ளிகளில் உடல்நலப் பாடம் நடத்தும் ஆசிரியர்களும் அடிக்கடி எதிர்கொள்ளும் வினா ஒன்று உண்டு. புலால் உணவை விட்டுவிடலாமா, விட்டால் உடலுக்கு நன்மையா தீமையா என்பதே அது. இதனை வினவுவோர் ஒரே வகையினர் அல்லர். தான் வளர்த்த ஆட்டுக்குட்டியை இறைச்சிக்கு விற்ற நாளன்று உண்ண மறுத்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்கலாம். இரத்தத்தில் கொழுப்பு மிகுந்துள்ளது என அறிந்து அஞ்சிய ஐம்பது வயது அலுவலர் ஒருவர் கேட்கலாம். மீன் உண்ணும் குடும்பத்தில் பிறந்து, மரக்கறி மட்டுமே சமைக்கும் வீட்டிற்கு மருமகளாகச் சென்ற இளம்பெண் கேட்கலாம். முதல் இருவர்க்கும் முடிவு அவரவர் கையில் உள்ளது. மூன்றாமவர்க்கோ அது முன்னரே முடிவு செய்யப்பட்டுவிட்டது. ஓராண்டிற்குள் அவர் கருவுற்றால், அம்முடிவின் விளைவு மற்றோர் உயிரையும் சென்று சேரும்.

இவ்வினாவிற்கு ஒரே சொல்லில் விடை கூறுவோர் பலர். புலால் இன்றி உடலுக்கு வலிமை இல்லை என்பார் சிலர்; மரக்கறி உணவே எல்லா நோய்க்கும் மருந்து என்பார் சிலர். அறிவியல் கூறும் விடை இவ்விரண்டும் அன்று. புலாலை விடுதல் ஒரு படி; பாலையும் விடுதல் மற்றொரு படி. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதே பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம். முதற்படியைத் தாண்டுவதற்குச் சமையலறையில் சில மாற்றங்கள் போதும். இரண்டாவது படியைச் சமையல் திறமை ஒன்றைக்கொண்டே தாண்டுதல் இயலாது. அஃது ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரக்கறி உண்போர் யாவர்?

இந்தியப் பதிவாளர் தலைமை அலுவலகம் 2014ஆம் ஆண்டில் நடத்திய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, 15 வயதிற்கு மேற்பட்ட இந்தியருள் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேரே மரக்கறி உண்போர். இராசஸ்தானத்தில் இவ்விகிதம் ஏறத்தாழ 75. தமிழ்நாட்டிலோ மூன்றுக்கும் குறைவு. ஆயினும் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேர் நாள்தோறும் ஊன் உண்கின்றனர் எனக் கொள்ளலாகாது. வாரத்தில் ஒரு நாள் மீன், மாதத்தில் ஓரிரு முறை கோழியோ ஆட்டிறைச்சியோ, மற்றை நாள்களில் சோறும் குழம்பும் என்பதே பெரும்பாலான வீடுகளின் நிலை. ஆகவே 'ஊன் உண்போர்' என்னும் பெயர், அவர் தட்டில் நாள்தோறும் விழுவது யாது என்பதை நமக்குத் தெரிவிப்பதில்லை.

'சைவ உணவு' என்னும் பெயரும் அத்தகையதே. நம் நாட்டு வழக்கில் சைவ உணவு பாலையும் தயிரையும் நெய்யையும் ஏற்கும், முட்டையை ஏற்காது. மேனாட்டில் மரக்கறி உண்போர் பலர் முட்டையையும் ஏற்பர். பால், முட்டை, தேன் ஆகிய விலங்குப்பொருள்கள் அனைத்தையும் நீக்கிய உணவிற்கு வீகன் என்னும் பெயரை 1944ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் என்பாரும் அவருடைய நண்பர்களும் சூட்டிச் சங்கம் ஒன்றையும் நிறுவினர். நம் நாட்டில் இவ்வகை உணவுப் பொருள்களுக்கெனத் தனி ஒழுங்குமுறைகளும் முத்திரையும் 2022ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. இக்கட்டுரையில் இதனை முழுத் தாவர உணவு எனக் குறிப்போம்.

காந்தியடிகள் கண்ட இடர்

இவ்விரு படிகளையும் தாமே ஏறிப் பார்த்து, அவ்வனுபவத்தை மறைக்காமல் எழுதிவைத்தவர் காந்தியடிகள். வைணவக் குடும்பத்தில் பிறந்த அவர், சிறுவராக இருந்தபோது நண்பர் ஒருவரின் தூண்டுதலால் மறைவாகப் புலால் உண்டு பார்த்தார். 1888ஆம் ஆண்டில் இலண்டனுக்குப் புறப்படுமுன் புலாலைத் தொடுவதில்லை என அன்னையிடம் உறுதிமொழி அளித்தார். இலண்டனில் மரக்கறி உணவுச்சாலை ஒன்றைக் கண்டதும், அங்கு விற்பனைக்கு இருந்த ஹென்றி சால்ட் என்பாரின் நூலை வாங்கிப் படித்ததும், அதுவரை வாக்கிற்காக மட்டும் காத்துவந்த நெறியைத் தம் விருப்பத்தால் ஏற்றதும் அவருடைய சுயசரிதையில் விரிவாகக் கூறப்பட்டுள்ளன. பிறப்பால் வந்த உணவுமுறை ஒன்றை ஆராய்ந்து, பின் தமதாக்கிக் கொண்டார் என்பது கருதத்தக்கது.

1912ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் தால்ஸ்தாய் பண்ணையில் நண்பர் காலன்பாக்குடன் சேர்ந்து பாலையும் அவர் துறந்தார். பழங்களும் கொட்டைகளுமே பெரும்பாலும் அவருடைய உணவாயின. 1918ஆம் ஆண்டில் கடுமையான சீதபேதிக்கு ஆளாகி உயிர்பிழைப்பதே அரிது என்னும் நிலையை எய்தினார். பால் அருந்தாவிடில் உடல் தேறாது என மருத்துவர் வற்புறுத்தினார். பசுவின் பாலையும் எருமைப் பாலையும் எண்ணியே விரதம் பூண்டிருந்தமையால் ஆட்டுப்பால் அருந்தலாமே எனக் கஸ்தூரிபாய் எடுத்துக்காட்ட, அவர் இணங்கினார். அந்நோய் பால் அருந்தாமையால் வந்தது எனக் கூறுவதற்கு இடமில்லை. சீதபேதி எவர்க்கும் வரும். ஆனால் அதன்பின் அவர் எழுதியதே நமக்கு முக்கியமானது. தம் பேச்சைக் கேட்டுப் பாலை விட்டவர்கள், எல்லா வகையிலும் நன்மை காணாவிடில், அல்லது தேர்ந்த மருத்துவர் ஆலோசனை இன்றி, அச்சோதனையைத் தொடர வேண்டா என அவர் கேட்டுக்கொண்டார். பாலுக்கு ஈடான தாவரப்பொருள் யாது என்னும் தேடலை இறுதிவரை அவர் விடவில்லை. ஆட்டுப்பாலைத் தாம் ஏற்றதையும் தம் விரதத்தில் நேர்ந்த ஒரு குறையாகவே கருதிவந்தார்.

அத்தேடலின் விடையில் ஒரு பகுதி அப்போது எவர்க்கும் தெரியாது. அதனைப் பின்னர்க் காண்போம்.

முதற்படி: ஊனுக்கு மாற்று

ஊன் தருபவற்றுள் மக்கள் முதலில் நினைப்பது புரதம். இக்கவலை அளவுக்கு மீறியது. அரிசியிலும் கோதுமையிலும் உள்ள புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பு வகைகளில் அது மிகுதி. பருப்பில் குறைவான மெத்தியோனின் தானியங்களில் போதிய அளவு உண்டு. ஆகவே சோறும் பருப்பும், இட்லியில் அரிசியும் உளுந்தும், சப்பாத்தியும் கொண்டைக்கடலையும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ 7 அல்லது 8 கிராம் புரதமும், துவரம் பருப்பில் 22 கிராம் அளவிலும், நிலக்கடலையில் 25 கிராம் அளவிலும் உள்ளன. சோயாவில் இதனினும் மிகுதி.

கவலை கொள்ளவேண்டியது புரதத்தின் தன்மையைப் பற்றி அன்று, பருப்பின் அளவைப் பற்றியே. நாள் ஒன்றுக்கு 2,000 கலோரி வேண்டும் ஒருவர்க்குத் தானியம் 250 கிராமும், பருப்பு 85 கிராமும், பால் அல்லது தயிர் 300 மில்லிலிட்டரும், காய்கறியும் கீரையும் 400 கிராமும் வேண்டும் என ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில் வகுத்துள்ளது. 85 கிராம் பருப்பு என்பது ஏறத்தாழ மூன்று கைப்பிடி. நம் வீடுகளில் குழம்பிலும் இரசத்திலும் கரையும் பருப்பை அளந்து பார்த்தால், அதில் பாதியும் வாராத நாள்களே மிகுதி. புலாலை விட்டவர் இழந்த இடத்தைச் சோற்றால் நிரப்புவதே வழக்கம். ஊழியர்கள் திருத்தவேண்டிய முதற்பிழை இதுவே.

இந்நிறுவனத்தின் வரலாறே இதற்குச் சான்று. இது 1918ஆம் ஆண்டில் குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் என்பாரால் ஒரு சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கப்பெற்று, 1958இல் ஐதராபாத்திற்கு மாற்றப்பட்டது. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்கு அளித்து அவற்றின் வளர்ச்சியை மெக்காரிசன் ஒப்பிட்டார். முழுக்கோதுமை, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, எப்போதாவது சிறிது ஊன் ஆகியவை அடங்கிய பஞ்சாபியர் உணவை உண்ட எலிகள் சிறந்து வளர்ந்தன. தீட்டிய அரிசியே பெரும்பகுதியாக அமைந்த சென்னை மாகாண ஏழையர் உணவை உண்டவை மிகவும் பின்தங்கின. இதனை ஊனின் வெற்றி எனச் சிலர் எடுத்துக்கொண்டனர். அவ்வுணவில் ஊனின் பங்கு மிகச் சிறிது. பாலும் பருப்பும் தவிடு நீங்காத தானியமுமே பெரும்பகுதி என்பதை அவர்கள் மறந்தனர்.

இரும்புச் சத்தில் இடர் சற்றுக் கூடுதல். ஊனிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்கும். தாவர இரும்பை அவ்வளவாக ஏற்பதில்லை. தானியத்திலும் பருப்பிலும் உள்ள ஃபைட்டிக் அமிலமும், தேநீரிலும் காப்பியிலும் உள்ள துவர்ப்புப் பொருள்களும் அதனைத் தடுக்கின்றன. நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா ஆகியவற்றிலுள்ள வைட்டமின் சி அத்தடையை நீக்கவல்லது. பயற்றை முளைகட்டுவதும் மாவைப் புளிக்கவைப்பதும் துணைபுரியும். உணவோடு தேநீர் அருந்தாமல் ஒரு மணிநேரம் கழித்து அருந்துதல் செலவில்லாத நல்வழி. எனினும் சோகை மரக்கறி உண்போரின் நோய் என எண்ணற்க. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மீன் உண்ணும் மேற்கு வங்காளத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 71 பேர்க்கும், மரக்கறி மிகுந்த இராசஸ்தானத்தில் 54 பேர்க்கும் சோகை இருந்தது. சோற்றின்மேல் வைக்கும் ஒரு மீன்துண்டு சோகையைத் தீர்க்கப் போதுவதில்லை.

சுண்ணாம்புச் சத்தைப் பால் தரும். பால் அருந்தாதவர்க்குக் கேழ்வரகும் எள்ளும் முருங்கைக் கீரையும் தரும். நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவிற்கு அது உண்டு. பசலைக் கீரையை நம்பவேண்டா; அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாது.

புலாலை விடுவதால் வரும் நன்மைகளையும் நடுநிலையோடு கூறவேண்டும். பதனிட்ட இறைச்சி புற்றுநோயை உண்டாக்கவல்லது என்றும், மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி முதலிய சிவப்பு இறைச்சி அவ்வாறு உண்டாக்கக்கூடும் என்றும் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 2015ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. இங்கிலாந்தில் ஏறத்தாழ 48,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில், மரக்கறி உண்போர்க்கு இதய நோய் நூற்றுக்கு 22 பங்கு குறைவாகவும், மூளை இரத்தக்குழாய் நோயால் வரும் வாதம் நூற்றுக்கு 20 பங்கு கூடுதலாகவும் காணப்பட்டன. அவர்களையே கவனித்த மற்றோர் ஆய்வு, முழுத் தாவர உணவினர்க்கு எலும்பு முறிவு மிகுதி என 2020இல் தெரிவித்தது. நம் அலுவலர் இவற்றுள் முதலாவதை மட்டும் செய்தித்தாளில் படித்திருப்பார். அவர் ஆட்டுக்கறியை விட்டுவிட்டு, வெள்ளைச் சோறும் பூரியும் இனிப்பும் மும்முறை உண்பாராயின் அவருடைய இதயத்திற்கு எந்நன்மையும் விளையாது. சர்க்கரையும் எண்ணெயில் பொரித்த வடையும் மரக்கறி உணவே அன்றோ!

இரண்டாம் படி: ஒரு சிவப்புப் படிகத்தின் கதை

தாவரங்களில் காணப்படாத ஊட்டச்சத்து ஒன்று உண்டு. அது வைட்டமின் பி12. செடிகொடிகளும் அதனை உண்டாக்குவதில்லை, விலங்குகளும் உண்டாக்குவதில்லை. சில நுண்ணுயிர்களே அதனை ஆக்கவல்லவை. ஆடுமாடுகளின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள், புல்லில் உள்ள கோபால்ட் என்னும் உலோகத்தைக் கொண்டு அதனை ஆக்குகின்றன. அது விலங்கின் உடலில் ஏறி, ஈரலிலும் ஊனிலும் பாலிலும் சேர்கின்றது. மனிதனுடைய பெருங்குடலிலும் அத்தகைய நுண்ணுயிர்கள் உண்டு. ஆனால் அவ்வைட்டமினை உடல் ஏற்றுக்கொள்ளும் இடம் சிறுகுடலின் கடைப்பகுதி. பெருங்குடலில் ஆக்கப்படுவது அதனைக் கடந்தபின் ஆக்கப்படுவதால் வீணாகின்றது.

இதனைக் கண்டறிந்த வரலாறு நூறாண்டு நீண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாமஸ் அடிசன் விவரித்த ஒருவகைச் சோகை, வந்தவரைக் கொல்லாமல் விட்டதில்லை. 1926இல் அமெரிக்க மருத்துவர்களாகிய மைனாட்டும் மர்ஃபியும் அத்தகைய நோயாளிகளுக்கு நாள்தோறும் ஈரலை மிகுதியாக உண்ணக் கொடுத்து அவர்களைப் பிழைப்பித்தனர். ஈரலில் உள்ள பொருள் யாது என்னும் தேடல் 1948இல் முடிவுற்றது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தனித்தனியே பணியாற்றிய இரு குழுவினர், டன் கணக்கான ஈரலிலிருந்து சிறிதளவு சிவந்த படிகத்தைப் பிரித்தெடுத்தனர். அதன் அமைப்பை எக்ஸ் கதிர்களின் துணையால் 1956இல் கண்டறிந்தவர் டாரதி ஹாட்ஜ்கின் அம்மையார். 1964ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு அவர்க்கு அளிக்கப்பட்டது. காந்தியடிகள் மறைந்த ஆண்டும் 1948 என்பது நினைவிற்கு வருகின்றது. பாலுக்கு ஈடாக எத்தாவரம் என அவர் கேட்டார். இவ்வொரு பொருளைப் பொறுத்தவரை ஈடான தாவரம் ஏதும் இல்லை.

இவ்வைட்டமினில் வளர்ந்த ஒருவர்க்கு நாள்தோறும் தேவைப்படுவது இரண்டு அல்லது இரண்டரை மைக்ரோகிராம். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஓராண்டுத் தேவை முழுவதையும் கூட்டினும் ஒரு கல்லுப்பின் எடைக்கு வாராது. இவ்வளவு சிறிய அளவும் கிட்டாதபோது இரத்தம் செவ்வனே உண்டாவதில்லை. நரம்புகளைப் போர்த்துள்ள உறையும் கெடுகின்றது.

கேடு உடனே வெளிப்படாமையே இதில் பெரிய ஏமாற்று. ஊன் உண்டுவந்தவரின் ஈரலில் சில ஆண்டுகளுக்குப் போதிய இருப்பு உண்டு. ஆகவே பாலையும் ஊனையும் ஒருங்கே விட்டவர் ஓராண்டும் ஈராண்டும் நலமாகவே இருப்பார். தமக்கு ஒன்றும் நேரவில்லை எனப் பிறர்க்கும் எடுத்துரைப்பார். பின்னரே உள்ளங்கால் மரத்தல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, இருளில் நடக்கும்போது தடுமாற்றம், நாக்குப் புண், மறதி, காரணமற்ற சோர்வு ஆகியவை ஒவ்வொன்றாகத் தோன்றும். நீண்ட நாள் கவனியாது விடப்பட்ட நரம்புக் கேடு முழுதும் திரும்புவதில்லை.

இங்கே மற்றொரு சிக்கலும் உண்டு. 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார், நெசவாலைகளில் உழைத்த கருவுற்ற பெண்களின் சோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் சில காலம் பணியாற்றினார். ஈஸ்டுச் சாறு அச்சோகையைத் தீர்க்கக் கண்டு 1931இல் வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. கீரைகளிலும் பருப்புகளிலும் அது மிகுதி. பி12 குறைவால் வரும் சோகையையும் மிகுதியான ஃபோலிக் அமிலம் தற்காலிகமாகச் சரிசெய்துவிடும். நரம்புக் கேட்டை மட்டும் அது தடுக்காது. கீரையும் பருப்பும் நிறைய உண்ணும் மரக்கறி உணவினர்க்குச் சோகை தோன்றாமலே நரம்பு கெடக்கூடும் என்பது இதனால் விளங்கும். கருவுற்ற பெண்களுக்கு நாம் வழங்கும் மாத்திரையில் இரும்பு 60 மில்லிகிராமும் ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராமும் உண்டு, பி12 இல்லை. இதனைப் படித்துவிட்டு அம்மாத்திரையை நிறுத்திவிடுமாறு எவரும் கூறிவிடலாகாது. அது இன்றியமையாதது. இதனோடு பி12உம் கிடைக்கின்றதா எனக் கேட்கவேண்டும் என்பதே கருத்து.

பாலின் கணக்கு

பால் அருந்துவோர்க்கு இக்கவலை இல்லை எனப் பலர் கருதுவர். கணக்கிட்டுப் பார்ப்போம். நூறு மில்லிலிட்டர் பாலில் பி12 ஏறத்தாழ 0.4 மைக்ரோகிராம். வழிகாட்டி கூறும் 300 மில்லிலிட்டர் பாலும் தயிரும் நாள்தோறும் கிடைத்தால் 1.2 மைக்ரோகிராம் சேரும். தேவையில் அது பாதி. நெடுநேரம் காய்ச்சினால் அதிலும் ஒரு பங்கு குறையும். காலையும் மாலையும் காப்பியில் கலக்கும் பால் நூறு மில்லிலிட்டரைத் தாண்டாத வீட்டில், மேற்கூறிய 0.4 மைக்ரோகிராமே ஒரு நாளின் முழு வரவு.

புனே நகரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் ஆண்களை ஆராய்ந்து 2006இல் வெளியிடப்பட்ட முடிவுகளில், மூவருள் இருவர்க்கு இரத்தத்தில் பி12 குறைவாக இருந்தது. அவர்கள் எவரும் புதுமுறை உணவுச் சங்கங்களில் சேர்ந்தவர் அல்லர். நம் நாட்டில் முழுத் தாவர உணவினர் என்பார் பெருநகரங்களில் மட்டும் வாழ்கின்றனர் என நினைப்பது தவறு. விரதத்தாலோ கொள்கையாலோ அன்றி, விலையின் காரணமாகப் பாலைக் காப்பியளவில் நிறுத்தியவர்கள், பெயரில் சைவராயினும் உண்மையில் இரண்டாம் படியில் நிற்பவரே. வேறுபாடு யாதெனில், தாமாக முடிவு செய்து பாலை விட்டவர் பெரும்பாலும் படித்துத் தெரிந்துகொண்டு மாத்திரை உண்கின்றார். இவரோ தாம் எதனையும் விட்டதாகவே அறியார்.

இதன் கடுமை குழந்தையிடத்தே வெளிப்படும். 1962ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர்கள், தாய்ப்பாலே பெரும்பாலும் உணவாக வளர்ந்த சில குழந்தைகளிடம் தாம் கண்ட நோய்க்குறிகளை லான்செட் இதழில் வெளியிட்டனர். அத்தாய்மாரின் உணவில் விலங்குப் பொருள்கள் மிக அருகியே இருந்தன. முகம் பார்த்துச் சிரிக்கவும் தலை நிற்கவும் கற்றிருந்த குழந்தைகள் அவற்றை மறந்து மந்தமாயின. கைகால்களில் தோல் கறுத்தது. தன்னிச்சையற்ற அசைவுகள் தோன்றின. தாய்ப்பாலில் பி12 குறைவாக இருந்தது. அவ்வைட்டமினை அளித்ததும் குழந்தைகள் தேறின. தாய்ப்பாலில் எக்குறையும் இல்லை எனக் கற்பிக்கும் நாம், தாயின் உணவில் இல்லாத இவ்வொன்று பாலிலும் குறையும் என்பதைச் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். கருவுற்ற காலத்தில் பி12 குறைந்தும் ஃபோலேட் மிகுந்தும் இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆறு வயதில் இன்சுலின் செவ்வனே செயற்படாத நிலை மிகுதி எனப் புனே ஆய்வாளர்கள் 2008இல் தெரிவித்ததும் இங்கு நினைக்கத்தக்கது.

செய்யத்தக்கது

முழுத் தாவர உணவை மேற்கொள்ள விரும்புவோரைத் தடுக்கவேண்டியதில்லை. விலங்குகளிடத்து இரக்கமும், நிலமும் நீரும் காலநிலையும் கெடாதிருக்க வேண்டும் என்னும் எண்ணமும் மதிக்கத்தக்கவை. உலக உணவு வேளாண்மை நிறுவனம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டில், மனிதச் செயல்களால் வெளிப்படும் வெப்பவாயுக்களில் நூற்றுக்கு 14.5 பங்கு கால்நடை வளர்ப்பினால் எனக் குறித்தது. ஆனால் பி12 மாத்திரையை முதல் நாளிலிருந்தே தொடங்கவேண்டும். நாள்தோறும் 10 மைக்ரோகிராம், அல்லது வாரத்திற்கு ஒருமுறை 2,000 மைக்ரோகிராம் என்பது 1944இல் தோன்றிய அதே சங்கம் தன் உறுப்பினர்க்குக் கூறும் அளவு. வாரத்திற்கு ஒருமுறை உண்பதற்கு அளவு ஏன் இவ்வளவு மிகுதி எனின், குடல் ஒரு வேளையில் முறைப்படி ஏற்பது இரண்டு மைக்ரோகிராமை ஒட்டியே. எஞ்சியதில் நூற்றுக்கு ஒரு பங்கே கசிந்து உட்புகும். மரத்தல் முதலிய குறிகள் தோன்றிவிட்டவர் மாத்திரையை நம்பியிராது மருத்துவரிடம் செல்லவேண்டும். அவர்க்கு ஊசி தேவைப்படலாம். நீரிழிவிற்கு மெட்ஃபார்மின் உண்போரும், இரைப்பை அமிலம் குறைந்த முதியோரும், ஊன் உண்பவராயினும் இக்குறைவிற்கு ஆளாகக்கூடும்.

மாத்திரையில் உள்ளது ஈரலிலிருந்து எடுத்தது அன்றோ எனச் சிலர் தயங்குவர். இக்காலத்தில் அது தொட்டிகளில் நுண்ணுயிர்களை வளர்த்தே எடுக்கப்படுகின்றது. உறை மட்டும் விலங்கின் எலும்பிலிருந்து காய்ச்சிய ஜெலட்டினாக இருக்கலாகும் என்பதால், உறையில்லாத மாத்திரையைக் கேட்டு வாங்கலாம்.

சுருள்பாசி மாத்திரை, புளித்த இட்லி மாவு, பழைய சோற்று நீர் ஆகியவற்றில் பி12 உண்டு எனக் கூறும் விளம்பரங்களையும் வாய்மொழிகளையும் நம்பலாகாது. சுருள்பாசியில் உள்ளது பெரும்பாலும் அதனைப் போன்ற, உடலுக்குப் பயன்படாத பொருள். 2021இல் அறிவிக்கப்பட்டுப் பங்கீட்டுக் கடைகளில் வழங்கப்பட்ட செறிவூட்டிய அரிசிக்கு விதிக்கப்பட்ட அளவும் கிலோ ஒன்றுக்கு 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் வரையே. கால் கிலோ அரிசி உண்பவர்க்கு அதனால் கிடைப்பது மிகச் சிறிது.

ஆசிரியர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று. தமிழ்நாட்டின் சத்துணவுத் திட்டத்தில் முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் வழங்கப்படுகின்றது. எப்பிள்ளையும் விலக்கப்பட்டதாக உணராதிருக்க அஃது ஏற்ற வழியே. ஆனால் முட்டையில் ஆறு கிராமுக்கு மேல் புரதமும் அரை மைக்ரோகிராம் அளவிற்குப் பி12உம் உண்டு; வாழைப்பழத்தில் புரதம் ஒரு கிராம் அளவே, பி12 இல்லவே இல்லை. பழம் வாங்கும் பிள்ளையின் வீட்டில் பாலோ தயிரோ கிடைக்கின்றதா என அறிந்து, பெற்றோரிடம் ஒரு சொல் கூறுதல் நன்று. ஆட்டுக்குட்டிக்காக உண்ண மறுத்த மாணவியை ஏளனம் செய்யாமல், நாள்தோறும் ஒரு குவளை பாலும் ஒரு கைப்பிடி சுண்டலும் உண்ணச் சொல்லி, வளரும் வயதில் எஞ்சிய தேவைக்கு மருத்துவரின் ஆலோசனையோடு மாத்திரையும் தரச் செய்தால், அவளுடைய முடிவு அவளுக்குத் தீங்கு செய்யாது.

கருவுற்ற பெண்ணின் பெயரைப் பதியும்போது ஊன் உண்பவரா, மரக்கறி உண்பவரா என்னும் வினாவோடு ஊழியர் நின்றுவிடுதல் போதாது. மருமகளிடம் தனியே கேட்டால் விடை ஒன்றாகவும், மாமியார் முன்னிலையில் கேட்டால் வேறாகவும் இருக்கக் கண்டோம் எனக் களப்பணியில் தேர்ந்தவர் கூறுவர். பால் வாங்குகிறோம், நாள்தோறும் அரை லிட்டர் என்றே மாமியார் விடை சொல்வார். அது பொய்யாகவும் இராது. வீட்டுப் பெரியவர்க்குத் தயிர், ஆடவர்க்குக் காப்பி, சிறுவர்க்குப் பால் எனப் பகிர்ந்தபின், கடைசியாகப் பந்தியில் அமரும் அப்பெண்ணின் குவளைக்கு அதில் எவ்வளவு வருகின்றது என்பதையும் கேட்டு, பதிவேட்டில் குறித்துக்கொள்ள வேண்டும்.